சகலை வீட்டு மலைப்படம்

ஆயுத பூஜை அன்று பிச்சைமுத்து கல்வராயன் மலைக்குக் குங்குமம் வைத்துவிட்டார்.

மலை என்றால் நிஜ மலை இல்லை, படம். வெள்ளைக்காரன் காலத்தில் செம்புத் தகட்டில் கீறி அச்சடித்த வரைபடம். கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் இருக்கிற அரங்கநாதனின் பைப், பெயிண்டுக் கடையில், கல்லா மேசைமேல் அது சட்டத்திலிருந்து கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அரங்கநாதன் பூசணிக்காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள், தராசு, கால்குலேட்டர், ஷட்டர், பெயிண்ட் கலக்குகிற மெஷின் என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்த கடை ஆள் பிச்சைமுத்து, படத்தையும் விட்டுவைக்கவில்லை. நாலு மூலையிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். மலை அடர்த்தியாக இருக்கிற இடமாகப் பார்த்து நடுவில் பெரிதாக இன்னொன்று.

"இன்னா முத்து பண்ணி வெச்சிருக்கற?"

"எல்லாத்துக்கும் வெச்சேன் மொதலாளி. இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?"

அது தன்னுடைய படமாக இருந்தால் அரங்கநாதனும் கும்பிட்டுவிட்டுப் பொரி கடலை தின்னப் போயிருப்பார். படம் அவருடைய சகலை ஜெயப்பிரகாஷுடையது.

அரங்கநாதனின் மனைவி இசைவாணி அக்கா, செந்தமிழ்ச்செல்வி தங்கை. தங்கையைக் கட்டியவர்தான் ஜெயப்பிரகாஷ், சின்னசேலத்தில் தலைமை ஆசிரியர். அவர் எது வாங்கினாலும் அரங்கநாதனுக்கு வயிறு எரியும். பொறாமை என்று யாராவது சொன்னால் கோபம் வந்துவிடும். அவர் அதற்கு வைத்திருந்த பெயர் மனவருத்தம். சகலை கார் வாங்கினார், இவருக்கு மனவருத்தம். உடனே தானும் ஒரு கார் வாங்கினார், அதைவிட நீளமானதாகப் பார்த்து. சகலை வீட்டில் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் வந்தது, மறுபடியும் மனவருத்தம். இவர் வாங்கிய ஃப்ரிட்ஜைச் சமையலறைக் கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. இப்படி எல்லா மனவருத்தத்துக்கும் ஏதாவது ஒரு ஷோரூமில் மருந்து கிடைத்துவந்தது. இந்தப் படத்துக்கு மட்டும் கிடைக்கவில்லை.

புதுச்சேரியில் பழம்பொருள் விற்கிற கடை ஒன்றில் ஜெயப்பிரகாஷ் அதை வாங்கிவந்து கூடத்தில் மாட்டியிருந்தார். வருகிறவர்களை எல்லாம் அதன் முன்னால் நிறுத்திப் பாடம் நடத்துவார். இந்தப் பக்கம் சேலம் ஜில்லா, அதற்கு ரோஸ் கோடு. இந்தப் பக்கம் தென்னாற்காடு, அதற்குப் பச்சைக் கோடு. நடுவில் நம் மலை. எது யாருக்குச் சொந்தம் என்று அளக்க வந்தவனே குழம்பிப்போய் நின்றிருக்கிறான் என்று சொல்லித் தானே சிரிப்பார். மலைகளை எல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்வது மாதிரி வரைந்திருந்தார்கள். அரங்கநாதனுக்கு அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கடைசிவரை பிடிபடவில்லை.

பிடிபடாவிட்டால் போகட்டும், அதையும் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது வேறொன்று. தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இசைவாணி நேராகப் போய் அந்தப் படத்தின் முன்னால் நிற்பாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பாள். மெல்லச் சிரித்துக்கொள்வாள். கிளம்பும்போது மறுபடியும் போய் ஒரு பார்வை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அரங்கநாதனை ஒரு தடவைகூட அப்படிப் பார்த்ததில்லை. அவர் வாங்கிப்போட்ட ஃப்ரிட்ஜையும் பார்த்ததில்லை. ஒருமுறை காரில் திரும்பும்போது, "அதுல அப்படி இன்னா பாக்கற?" என்று கேட்டே விட்டார். "ஒண்ணுமில்லியே" என்று சொல்லி அவள் வெட்கப்பட்டாள். ஒரு மலையைப் பார்த்துப் பெண்டாட்டி வெட்கப்பட்டால் எந்தப் புருஷனுக்குத்தான் தூக்கம் வரும்?

யோசித்து யோசித்து அரங்கநாதன் ஒரு வழி கண்டுபிடித்தார். படத்தை இரவல் வாங்கி, இரண்டு மடங்கு பெரிதாக ஒரு நகல் அடித்துத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டிவிடுவது. மலையைப் பார்த்துச் சிரிப்பதாக இருந்தால் அவள் தன் வீட்டு மலையைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

ஜெயப்பிரகாஷ் ஒரு நிபந்தனையோடு படத்தைக் கொடுத்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை மகள் அருள்மொழியைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் தமிழ்வேந்தன், சர்வேத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், இந்தப் படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து பெண்ணைவிட இதைப் பார்க்கத்தான் துடிக்கிறாராம். "எது எப்படியோ சகலை, அதுக்குள்ள இது செவுத்துல இருக்கணும். அவரு பேச்சதான் அந்த வூட்ல எல்லாரும் கேப்பாங்க" என்றார். கண்ணாடியோடு நகல் எடுத்தால் வெளிச்சம் அடிக்கும் என்று பிரிண்ட் கடையில் சொன்னதால்தான் அரங்கநாதன் சட்டத்தைக் கழற்றினார். கழற்றிவிட்டுப் பூசணிக்காய் வாங்கப் போனார். மீதியைப் பிச்சைமுத்து பார்த்துக்கொண்டார்.

"ஈரத் துணியால லேசா ஒத்தி எடுத்தா போயிடும் மொதலாளி" என்றார் பிச்சைமுத்து.

சந்தனம் போனது. குங்குமம் போகவில்லை; பரவியது. மலைக்கு நடுவே வெள்ளிமலையில் புறப்பட்ட சிவப்பு, சேலம் எல்லைவரை போய்த்தான் நின்றது.

பெயிண்டுக் கடைக்காரருக்கு உலகத்தில் உள்ள எல்லாக் கறைக்கும் ஒரே பதில்தான் தெரியும். அரங்கநாதன் தின்னர் டின்னைத் திறந்தார். பஞ்சில் நனைத்துத் தேய்த்ததும் சிவப்பு கொஞ்சம் வெளுத்தது. அந்தக் காலத்தில் யாரோ கையால் பூசிய ரோஸ் கோடும் பச்சைக் கோடும் அதைவிட நன்றாக வெளுத்தன. சேலமும் தென்னாற்காடும் ஒன்றாகிவிட்டன.

"கோடு போச்சே முத்து. அந்த சர்வேயர் வந்து மொதல்ல கோட்டதான்டா பாப்பாரு."

பிச்சைமுத்து அசரவில்லை. தன் மகளை மலைமேல் சேலம் பக்கம் இருக்கிற கருமந்துறையில் கட்டிக்கொடுத்திருந்தார். மலைக்குப் பஸ்ஸில் போய் வருகிறவர். எந்த இடம் தாண்டினால் டிக்கெட் ஏறும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். டிக்கெட் ஏறுகிற இடம்தான் எல்லை என்பது அவருடைய நம்பிக்கை. பக்கத்துக் கடையில் ஸ்கெட்ச் பேனா வாங்கிவந்து, பஸ் போகிற வழியைக் கண்ணை மூடி நினைத்துப் பார்த்து, வளைத்து வளைத்து இரண்டு கோடும் போட்டு முடித்தார்.

இதற்குள் ஈரத்தில் காகிதம் சுருங்கி அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. பக்கத்துத் தையல் கடையிலிருந்து இஸ்திரிப் பெட்டியை வாங்கிவந்து அரங்கநாதன் தானே தேய்த்தார். காகிதம் அழகாக நிமிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில், வாசலில் வந்து பொரி கேட்ட வாடிக்கையாளரிடம் நின்று இரண்டு வார்த்தை பேசினார். திரும்பிப் பார்த்தால், இஸ்திரிப் பெட்டி உட்கார்ந்திருந்த இடத்தில் புகை. கல்வராயன் மலையில் அதுவரை இல்லாத ஒரு பழுப்பு ஏரி, இஸ்திரிப் பெட்டியின் அச்சு அசல் உருவத்தில் உண்டாகியிருந்தது.

"நல்ல நேரம் போயிக்கினு இருக்குது மொதலாளி. பூசணிக்காய மொதல்ல ஒடைச்சுடுங்க. யாரு கண்ணோ பட்டிருக்குது" என்று பிச்சைமுத்து கற்பூரத்தை ஏற்றிக் காயைக் கையில் கொடுத்தார்.

யார் கண் யார்மேல் பட்டது என்று அரங்கநாதனுக்குத் தெரியும். அந்த ஆத்திரத்தை எல்லாம் சேர்த்துப் பூசணிக்காயை ரோட்டில் அடித்தார். வழக்கமாகக் காய் நாலு துண்டாகும். அன்றைக்குத் தூள் தூளானது. அதில் ஒரு துண்டு பறந்துவந்து, கடைப் படியில் சாய்த்து வைத்திருந்த படச் சட்டத்தின்மேல் விழுந்தது. கண்ணாடி சல்லென்று கொட்டியது.

"திருஷ்டி அத்தினியும் கழிஞ்சுது மொதலாளி" என்றார் பிச்சைமுத்து.

இனி ஒரே வழிதான். அசல் போய்விட்டது; போலியைச் செய்து அசலின் இடத்தில் வைத்துவிட வேண்டும். அரங்கநாதன் படத்தைச் சுருட்டிக்கொண்டு சேலம் சாலையில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிற ஆகாஷிடம் ஓடினார். கள்ளக்குறிச்சியில் காதணி விழாவில் தொடங்கிக் கண்ணீர் அஞ்சலிவரை எல்லாருக்கும் பேனர் அடிக்கிறவன் ஆகாஷ். கம்ப்யூட்டரில் போட்டு, குங்குமத்தை எடுத்தான், ஏரியைத் தூர்த்தான், அந்த இடத்தில் பக்கத்து மலையிலிருந்து கொஞ்சம் நகல் எடுத்து ஒட்டினான். கோட்டில் கை வைக்கவில்லை. எல்லாம் நன்றாகத்தான் செய்தான். ஆனால் கை வழக்கம் போகுமா? பிரிண்ட் வந்தபோது அடியில் அரங்கநாதனின் போட்டோவும், கை கூப்பிய படமும், "இங்ஙனம் அரங்கநாதன், பைப்ஸ் அண்டு பெயிண்ட்ஸ்" என்ற வரியும் இருந்தன.

அதையும் எடுத்துவிட்டு, நல்ல தடிமனான காகிதத்தில் இன்னொரு பிரிண்ட் போட்டார்கள். காகிதம் பளீரென்று புதுச் சட்டை மாதிரி இருந்தது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு சொம்பு டிகாக்‌ஷன் வாங்கிவந்து, கடைக்குப் பின்னால் வைத்து, பெயிண்ட் பிரஷ்ஷால் அரங்கநாதன் பூசினார். காய்ந்ததும் நூறு வருஷம் ஏறிவிட்டது. மோந்து பார்த்தால் மட்டும் ஏலக்காய் வாசம் வந்தது.

கடைசியாகக் கண்ணாடி. கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று சாதாரணம். இன்னொன்று மினுக்கம் இல்லாத மேட் வகை, விலை ஜாஸ்தி. மேட் கண்ணாடி போட்டால் படம் லேசாகப் புகை மூட்டம் போட்ட மாதிரி தெரியும் என்றார். அரங்கநாதனுக்கு அதுதானே வேண்டும்? புது மை தெரியாது; சர்வேயர் கண்ணுக்கும் அகப்படாது. அதோடு, சகலையின் பொருளில் தன் காசில் ஒரு உயர்ந்த சரக்கு சேர்ந்துவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. அந்தச் சரக்கு சகலை வீட்டுக்குப் போகிறதே என்று உடனே மனவருத்தமும் வந்தது.

சனிக்கிழமை காலையில் சின்னசேலம் போய்த் தானே ஆணியில் மாட்டினார். ஜெயப்பிரகாஷ் வாசலில் பந்தல்காரரோடு பேசிக்கொண்டே ஒரு பார்வை பார்த்தார்.

"சுத்தம் பண்ணி எடுத்தாந்தீங்களா சகலை? கண்ணாடிகூட புச்சாட்டம் இருக்குது. தேங்க்ஸ்."

அவ்வளவுதான். தப்பித்தார். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார். டீயைப் பூசித் தான் உண்டாக்கிய அந்தப் போலி, சகலை வீட்டுச் சுவரில் ஏறியதும் என்னமோ கம்பீரமாகத் தெரிந்தது. தன் கடையில் கிடந்தபோது அது இவ்வளவு அழகாக இல்லை. அரங்கநாதனுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்பே அரங்கநாதனும் இசைவாணியும் போய்விட்டார்கள். அரங்கநாதன் கூடத்தில் படத்தைப் பார்த்தபடி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கிருந்துதான் அவருக்குச் சோதனை ஆரம்பித்தது.

முதலில் செந்தமிழ்ச்செல்வி வந்தாள். அவசரமாகச் சமையலறைக்குப் போகிறவள், படத்தின் முன்னால் நின்றாள். குனிந்தாள். கண்ணைச் சுருக்கினாள். முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். ஏலக்காய் வாசம் வந்துவிட்டதோ என்று அரங்கநாதனுக்கு உயிரே போனது. அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்து கல்யாணப் பெண் அருள்மொழி, பாதி சொருகிய பூவோடு வந்தாள். இடப்பக்கம் நகர்ந்து பார்த்தாள், வலப்பக்கம் நகர்ந்து பார்த்தாள், "ப்ச்" என்றாள். அப்புறம் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி வந்து நின்று, படத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டு போனாள். சின்னசேலத்தில் பெண்களுக்கு எல்லாம் வரைபடத்தில் இவ்வளவு ஞானம் எங்கிருந்து வந்தது என்று அரங்கநாதனுக்குப் புரியவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கடைசியாக இசைவாணி போய் நின்றாள். தலையைச் சாய்த்தாள். இந்த முறை சிரிப்பு வரவில்லை. இன்னும் சாய்த்தாள். பிறகு திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"இன்னாங்க பண்ணி வெச்சீங்க இத? போன தடவகூட நல்லா இருந்துச்சே."

"நான் இன்னா பண்ணேன்? ஒண்ணும் பண்ணலியே."

"நீங்க எடுத்துக்கினு போனப்பறம்தான் இப்பிடி ஆயிருக்குது. செல்வியும் சொன்னா."

செல்வியும் சொன்னாள் என்றால் உள்ளே எல்லாரும் பேசிவிட்டார்கள் என்று அர்த்தம். ஜெயப்பிரகாஷ் காதுக்கு எப்போது போகும் என்பதுதான் பாக்கி. அரங்கநாதன் எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தபோது வாசலில் கார் வந்து நின்றது.

மாப்பிள்ளை, அப்பா, அம்மா, அவர்களுக்குப் பின்னால் தாய்மாமன் தமிழ்வேந்தன். தமிழ்வேந்தன் யாருக்கும் சரியாக வணக்கம்கூடச் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு நேராகப் படத்திடம் போனார். விரலால் கோட்டைத் தொடர்ந்துகொண்டே போனார். ஜெயப்பிரகாஷ் பெருமை தாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"அசல்னா இதான் சார் அசல்" என்றார் தமிழ்வேந்தன். "எங்க டிபார்ட்மெண்ட்ல முப்பது வருஷம் குப்ப கொட்டினேன். இந்தக் கோட்டப் பாருங்க, எங்கெங்க வளையணுமோ அங்கங்க வளைஞ்சுக்கினு போவுது. நடந்து பாத்தவன்தான் இப்பிடிப் போட முடியும்."

பஸ்ஸில் போய்ப் பார்த்தவன் என்று அரங்கநாதனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார். தப்பித்தாகிவிட்டது; சர்வேத் துறையே முத்திரை குத்திவிட்டது. இனி வாயை மூடிக்கொண்டு கேசரி தின்றால் போதும். ஆனால் சமையலறை வாசலில் இசைவாணியும் செல்வியும் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வருஷ சர்வேயருக்குத் தெரியாதது தன் பெண்டாட்டிக்குத் தெரிந்துவிட்டதே என்று அவருக்குத் தோன்றியது. அந்த மலையின்மேல் அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்தால் ஒரே பார்வையில் போலியைக் கண்டுபிடித்திருப்பாள்?

அதற்குமேல் தாங்கவில்லை. அரங்கநாதன் எழுந்து நின்றார்.

"சகலை, அது அசல் இல்ல."

ஜெயப்பிரகாஷ் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்தார். அரங்கநாதன் நிறுத்தவில்லை. குங்குமத்தைச் சொன்னார், தின்னரைச் சொன்னார், இஸ்திரிப் பெட்டியைச் சொன்னார். பூசணிக்காய் வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்கெட்ச் பேனாவும் பஸ் டிக்கெட்டும் வந்தபோது தமிழ்வேந்தன் மெல்லப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். ஜெயப்பிரகாஷின் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போதோ போய்விட்டிருந்தது.

"எதுக்கு சகலை இப்பிடிப் பண்ணீங்க? கேட்டிருந்தா ஒரேயடியா உங்களுக்கே குடுத்திருப்பேனே."

"பொறாமைதான்." அந்த வார்த்தையை வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னார் அரங்கநாதன். "வயித்தெரிச்சல். கார் வாங்கினேன், ஃப்ரிட்ஜ் வாங்கினேன், என் வூட்ல ஒண்ணையும் அவ நின்னு பாத்தது கெடையாது. உங்க வூட்டுக்கு வந்தா மட்டும் இந்த மலை முன்னால நின்னுக்கினு சிரிக்கறா. என்னப் பாத்து அவ அப்பிடி ஒரு நாளும் சிரிச்சதில்ல சகலை. அதான் இந்த மலைய நம்ம வூட்டுக்கும் கொண்டாந்துடலாம்னு பாத்தேன்."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். இசைவாணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. தன்னால் அவள் அழுகிறாள் என்று அரங்கநாதனுக்குக் கண் கலங்கியது. அப்போதுதான் காபித் தட்டோடு வந்து நின்ற கல்யாணப் பெண், கோணலாக இருந்த தலைப்பூவை ஒரு கையால் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"படம் போனா போவுது பெரிப்பா, ஹால்ல கண்ணாடி இருக்கக் கூடாதுனு அப்பா வாஸ்து பாத்து எல்லாத்தையும் கழட்டிட்டாரு, அதான் நாங்க பெரிம்மா அல்லாரும் அதுல மூஞ்சி பாத்துக்கினு இருந்தோம், நீங்க போட்ட கண்ணாடில ஒரு எழவும் தெரியல."